தூக்கத்தில் பல் கடிப்பதைக் கருவி நிறுத்துமா?

கேள்வி: எனக்கு வயது 38. ராத்திரி தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறேன் என்று கணவர் சொல்கிறார். காலையில் எழுந்தால் இரண்டு கன்னமும் வலிக்கிறது. ராத்திரி பல்லில் மாட்டிக்கொள்ளப் பல் டாக்டர் கொடுத்த நைட் கார்டு என்ற உறையிலும் ஆறே மாதத்தில் பள்ளம் விழுந்துவிட்டது. பயோஃபீட்பேக் என்று நெற்றிப்பொட்டில் ஒட்டிக்கொண்டு தூங்கும் கருவி இருப்பதாகத் தோழி சொன்னாள். அதை வாங்கினால் இந்தப் பழக்கம் போய்விடுமா?

பதில்: நானும் உங்கள் கட்சிதான். இத்தனை வருஷமாகப் பல் வைத்தியம் பார்க்கிற எனக்கே இடது கோரைப்பல்லின் முனை தேய்ந்து மட்டமாகிவிட்டது. அதனால் அந்தக் கருவியை நானே ஒட்டிக்கொண்டு தூங்கிப் பார்த்திருக்கிறேன்.

முதலில் நைட் கார்டு. அது கடிப்பதை நிறுத்தாது, அடியை மட்டும் தான் வாங்கிக்கொள்ளும். அதில் விழுந்த பள்ளம் உங்கள் பல்லில் விழுந்திருக்க வேண்டியது. எனாமல் ஒருமுறை தேய்ந்தால் மறுபடி வளராது, கார்டை மாற்றிக்கொள்ளலாம். தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இப்போது நெற்றிப்பொட்டில் விரலை வைத்துக்கொண்டு பல்லை இறுக்கிக் கடியுங்கள். ஒரு தசை புடைக்கிறதா? அந்தத் தசை இறுகும்போது எழுகிற மின் துடிப்பைத்தான் கருவி படிக்கிறது. நாம் வைத்த அளவைத் தாண்டினால் லேசாக ஒரு மின் அதிர்வு கொடுக்கும், தாடை சட்டென்று தளரும். இப்படி உடம்பு செய்வதை உடனுக்குடன் நமக்கே உணர்த்துவதுதான் பயோஃபீட்பேக். 1970களில் இதற்கு பீப் சத்தம் வைத்துப் பார்த்தார்கள். கடித்தவர் எழுந்தாரோ இல்லையோ, பக்கத்தில் படுத்திருந்தவர் எழுந்திருப்பார்!

முதல் ராத்திரி அதிர்வை அதிகமாக வைத்துவிட்டு இரண்டு முறை திடுக்கிட்டு எழுந்தேன். குறைத்த பிறகு தொந்தரவில்லை. ஆனால் வியர்த்தால் பட்டை கழன்று காலையில் தலையணை உறையில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒழுங்காக ஒட்டியிருந்த நாட்களில் கருவி காட்டிய எண்ணிக்கை நன்றாகவே குறைந்தது. அப்புறம் ஒரு வாரம் வெளியூர் போனபோது அதை எடுத்துப் போகவில்லை. திரும்பி வந்து ஒட்டிப் பார்த்தால் பழைய கணக்கு அப்படியே நின்றது. ஆராய்ச்சிகளும் ஏறக்குறைய இதையேதான் சொல்கின்றன. மாட்டியிருக்கும் ராத்திரிகளில் கடிப்பது குறையலாம், கழற்றினால் திரும்பிவிடும், வலி குறையும் என்பதற்கோ உறுதியான ஆதாரம் இல்லை.

காரணம், கடி தாடையில் தொடங்குவதில்லை. தூக்கத்தில் மூளை சில விநாடிகள் லேசாக விழிக்கும், இதயத் துடிப்பு கூடும், அதன் பின்னால்தான் தாடை அசையத் தொடங்கும். கருவி அந்தக் கடைசிப் படியில்தான் குறுக்கே நிற்கிறது. தூங்குகிற மூளை அதிலிருந்து பாடம் எதுவும் கற்றுக்கொள்வதாகத் தெரியவில்லை.

விழித்திருக்கிற மூளை கற்றுக்கொள்ளும். மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடவே வேண்டியதில்லை. இதைப் படிக்கிற இந்த நிமிஷம் உங்கள் பற்கள் தொட்டுக்கொண்டிருக்கின்றனவா? நான் கம்ப்யூட்டர் ஓரத்தில் சின்னதாக ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். கண்ணில் படும்போதெல்லாம் உதடு மூடி, பல் விலகி, நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால். அதுவும் பயோஃபீட்பேக்தான், பேட்டரி வேண்டாம். ராத்திரிக் கடியை இது நிறுத்தும் என்று சொல்லமாட்டேன். ஆனால் எனக்குச் சாயங்காலத் தாடை வலி போனது இதனால்தான். உங்களுக்குக் காலை வலி மட்டும்தானா, மாலையிலும் உண்டா என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள்.

மாலைக்கு மேல் காபி, சிகரெட், மது இவை கடியைக் கூட்டும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும் கூட்டலாம். அப்படி எதையாவது சாப்பிட்டால் எழுதிக் கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். கருவியைத்தான் முயன்று பார்ப்பேன் என்றால் சரி, ஆனால் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு மின் அதிர்வுக் கருவி ஆகாது.

அதற்கு முன் கணவரிடம் இன்னொன்று கேளுங்கள்: நீங்கள் குறட்டை விடுகிறீர்களா, நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறதா? ஆமாம் என்றால், தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று பார்க்கும் தூக்கப் பரிசோதனையை முதலில் செய்துகொள்ளுங்கள். கருவியை அப்புறம் பார்க்கலாம்.