நாட்டுப்புறக் கலையில் ஊறிய ஓவியர் யார், அந்த நிதானம் படத்தில் தெரியுமா?

கேள்வி இது: நாட்டுப்புறக் கலையிலும் மத்தியதரைக் கடலோரத்து அவசரமில்லாத வாழ்க்கையிலும் ஊறிப்போன ஓவியர் ஒருவரைச் சொல்ல முடியுமா? அந்த நிதானம் படத்தில் உண்மையிலேயே தெரியுமா, இல்லை வெறும் விளம்பரப் பேச்சா?

என் பதில் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஜுவான் மிரோ. படத்தில் தெரியும். ஆனால் இணையத்தில் 'நிதான வாழ்க்கை' என்று படம் போட்டுக் காட்டுகிறார்களே, வெள்ளைச் சுவர், நீலக் கதவு, கையில் ஒரு கோப்பை, அதற்கும் இவருக்கும் சம்பந்தம் குறைவு.

மிரோ 1893இல் பார்சிலோனாவில் பிறந்தவர். அப்பா பொற்கொல்லர், கடிகார வேலையும் செய்தவர். அப்பாவழித் தாத்தா கொல்லர். அம்மா பக்கத்துத் தாத்தா மத்தியதரைக் கடலில் ஸ்பெயினுக்குச் சொந்தமான மயோர்க்கா தீவில் மரச்சாமான் செய்த தச்சர். கைவேலைக்காரர்கள் வம்சம். அப்படியிருந்தும் பையனைக் கணக்கு எழுதும் வேலைக்குத்தான் அனுப்பினார்கள். 1911இல் மனம் உடைந்து, டைபாய்டும் சேர்ந்து படுத்துவிட்டார். உடம்பு தேற அனுப்பிய இடம்தான் மோன்ட்ரோய்க் என்ற கிராமத்தில் (பார்சிலோனா இருக்கும் அதே கத்தலோனியப் பகுதிதான்) குடும்பம் அப்போது வாங்கியிருந்த பண்ணை வீடு. அங்கிருந்து எழுந்தவர் ஓவியராகத்தான் எழுந்தார்.

அந்தப் பண்ணையைத்தான் 1921 கோடையில் வரைய ஆரம்பித்தார். 'பண்ணை' என்றே பெயர். நிதானம் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டும் படம் இது. நடுவில் ஒரு தைலமரம். ஒரு பக்கம் விரிசலும் பாசியும் பிடித்த வீட்டுச் சுவர், இன்னொரு பக்கம் கோழிக்கூடு. முயல், ஆடு, சேவல், தொட்டியருகே துணி துவைக்கும் பெண், பூவாளி, வாளி, ஒரு நத்தை, ஒரு பல்லி. மரத்துக்கு எவ்வளவு கவனமோ நத்தைக்கும் அவ்வளவே கவனம். முன்னே இருப்பது பெரிதாக, பின்னே இருப்பது மங்கலாக என்ற பள்ளிக்கூட விதி இங்கே செல்லாது. ஊர்க் கைவினைஞர் பெட்டியிலோ தட்டிலோ தீட்டும்போது செய்வதும் இதுதான். எதையும் விட்டுவிட மாட்டார், எதையும் மங்கலாக்க மாட்டார். மிரோவுக்கு இந்தப் படத்தை முடிக்க ஒன்பது மாதம் பிடித்தது. மோன்ட்ரோய்க்கில் தொடங்கி, பார்சிலோனாவில் தொடர்ந்து, பாரிஸில் முடித்தார். பாரிஸுக்குப் போகும்போது பார்த்து வரைய ஊர்ப் புல்லையும் பெட்டியில் எடுத்துப் போனாராம்!

பாரிஸில் யாரும் வாங்கவில்லை. இவ்வளவு பெரிய படத்தைத் துண்டு துண்டாக வெட்டி விற்கலாமே என்று ஒரு வியாபாரி யோசனை சொன்ன கதையும் உண்டு. கடைசியில் 1925இல் அமெரிக்க எழுத்தாளர் எர்னஸ்ட் ஹெமிங்வே கடன் வாங்கி 5000 பிராங்குக்கு வாங்கினார். இப்போது வாஷிங்டனில் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது.

சரி, நாட்டுப்புறக் கலை எங்கே வருகிறது? மயோர்க்காவில் 'சியுரெல்' என்று ஒரு மண் ஊதல் உண்டு. மார்ரட்சி என்ற ஊர்க் குயவர்கள் செய்வது. சுட்ட மண்ணில் ஒரு மனிதன், குதிரைக்காரன், காளை, இப்படி ஏதோ ஓர் உருவம். மேலே வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு, அதன்மேல் சிவப்பிலும் பச்சையிலும் நாலு கோடு. அடியில் ஊத ஒரு துளை. திருவிழாக் கடையில் குழந்தைக்கு வாங்கித் தருவோமே, அந்த ரகம். சின்ன வயதில் விடுமுறைக்குத் தாத்தா பாட்டி வீட்டுக்குப் போனபோதே மிரோவுக்கு இது பழக்கம். பிற்காலத்தில் அவர் செய்த பறவைச் சிற்பங்களின் உருண்ட உடம்பையும் மொட்டைத் தலையையும் பாருங்கள், சியுரெலின் அண்ணன் தம்பிதான்.

இன்னொரு ஊற்று, கத்தலோனிய மலைக் கோயில்களின் பழைய ரோமனெஸ்க் (இடைக்கால ஐரோப்பியத் தேவாலயப் பாணி) சுவரோவியங்கள். அவற்றில் தேவதூதர்களின் சிறகு முழுக்கக் கண் இருக்கும். 1923–24இல் வரைந்த 'உழுத நிலம்' படத்தில் மரத்துக்குக் கண்ணும் முளைத்திருக்கிறது, காதும் முளைத்திருக்கிறது. கனவு, ஆழ்மனம் என்று பாரிஸ் விமர்சகர்கள் எழுதினார்கள். எனக்கென்னவோ பாதிக்கு மேல் அந்தக் கோயில் சுவர்தான் தெரிகிறது.

நான் புத்தக அட்டைகள் வரைபவன். எங்கள் தொழிலில் நாட்டுப்புறக் கலை என்றாலே பார்டர் டிசைன் என்று ஆகிவிட்டது. ஓர் ஓரம் கோலம், இன்னோர் ஓரம் யானை, வேலை முடிந்தது. மிரோ சியுரெலின் சிவப்புக் கோட்டையும் பச்சைக் கோட்டையும் பிரதி எடுக்கவில்லை. அந்தக் குயவருக்கு இருந்த துணிச்சலை எடுத்துக்கொண்டார். இரண்டு புள்ளி வைத்தால் கண் என்று நம்பும் துணிச்சல். பிறகு அதே மண்ணிலேயே வேலை செய்தார். குயவர் ஜோசப் யோரென்ஸ் ஆர்ட்டிகாஸோடு சேர்ந்து பல வருடம் சூளைப் பக்கமே கிடந்தார். பாரிஸ் யுனெஸ்கோ கட்டடத்துக்கு அவர்கள் செய்த சூரியச் சுவரும் சந்திரச் சுவரும் அப்படி வந்தவைதான்.

இப்போது நிதானத்துக்கு வருகிறேன். 1930களில் பார்சிலோனாவில் அவருடைய ஒரு நாள் எப்படி இருந்தது தெரியுமா? ஆறு மணிக்கு எழுந்து, காபியும் ரொட்டியும். ஏழு முதல் பன்னிரண்டு வரை வேலை. அப்புறம் உடற்பயிற்சி, குத்துச்சண்டைகூட. அளவான மதிய உணவு, காபி, மூன்று சிகரெட். அதற்குப் பிறகு ஒரு குட்டித் தூக்கம், ஐந்தே நிமிடம். அதற்கு அவர் வைத்த பெயர் 'மத்தியதரைக் கடல் யோகா'. மூன்று மணிக்குத் திரும்ப ஓவிய அறை, இரவு எட்டு வரை. நம்மூர் அரசு அலுவலகத்தில்கூட இவ்வளவு கெடுபிடி இல்லை. இது சோம்பலான வாழ்க்கை இல்லை, விவசாயியின் கடிகாரம். தினமும் அதே நேரத்துக்கு வயலுக்குப் போகிறவன் அறுவடைக்கு அவசரப்பட மாட்டான்.

தன் வேலை தோட்டக்காரன் வேலை என்று அவரே 1959இல் வெளியான ஒரு பேட்டியில் சொன்னார். வடிவங்கள் மெல்ல வருகின்றன, பழுக்கின்றன, ஒட்டுப்போட வேண்டும், தண்ணீர் விட வேண்டும் என்கிறார். 1961இல் முடித்த 'நீலம்' என்ற மூன்று பெரிய படங்கள் இதற்குச் சாட்சி. தூரத்தில் நின்று பார்த்தால் நீலப் பரப்பு, சில கறுப்புப் புள்ளிகள், ஒரு சிவப்புக் கோடு, அவ்வளவுதான். தூரிகை பிடித்த நேரத்தைவிடத் தயாரான நேரம் பல மடங்கு.

ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும். இந்த அமைதி முழுக்க அவராகத் தேர்ந்தெடுத்தது இல்லை. 1940இல் ஜெர்மன் படை பிரான்சுக்குள் நுழைந்ததும் மனைவியோடும் மகளோடும் தப்பி, சர்வாதிகாரி பிராங்கோ ஆண்ட ஸ்பெயினுக்கே திரும்ப வேண்டியிருந்தது. மயோர்க்காவின் பால்மா நகரில் சத்தமில்லாமல் இருந்தார். பேராலயத்துக்குப் போய் ஆர்கன் இசை கேட்பார், வீட்டுக்கு வந்து வரைவார். 'விண்மீன் கூட்டங்கள்' என்ற 23 சிறு படங்களில் பல அங்கே பிறந்தவை. பால்மாவின் அமைதி அன்று அழகாகவும் இருந்தது, ஒளிந்துகொள்ளும் இடமாகவும் இருந்தது.

பிறகு 1956இல் பால்மாவுக்கே நிரந்தரமாகக் குடிபோனார். கட்டடக்கலைஞர் நண்பர் ஜோசப் லூயிஸ் செர்ட் ஒரு பெரிய ஓவியக்கூடம் வடிவமைத்துக் கொடுத்தார். நான் அங்கே போயிருக்கிறேன். ஓவியக்கூடம் அருமை. ஆனால் மலைச்சரிவு முழுக்க ஓட்டல்களும் அடுக்குமாடிகளும். கடலைப் பார்க்க அவற்றுக்கு இடையில் சந்து தேட வேண்டியிருக்கிறது. இதில் வேடிக்கை, ஸ்பெயின் சுற்றுலாத்துறையின் அந்தப் புகழ்பெற்ற சூரியச் சின்னம் மிரோவுடையது. 1983இல், இறந்த அதே வருடம், காசு வாங்காமல் அனுமதி கொடுத்தார். அவர் சூரியனைக் காட்டிக் கூப்பிட்ட கூட்டத்துக்கு அவர் வீட்டுச் சரிவிலேயே அறை கட்டியிருக்கிறார்கள்.

நேரில் பார்க்க ஆசையென்றால் முதலில் மோன்ட்ரோய்க் பண்ணைக்குப் போங்கள், 2018 முதல் திறந்திருக்கிறது. 'பண்ணை' படத்தின் ஒரு பிரதியைப் போனில் வைத்துக்கொண்டு சுவரையும் கோழிக்கூட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பார்சிலோனாவில் உள்ள மிரோ அருங்காட்சியகம் அப்புறம் போதும். அதை முதலில் பார்ப்பவர்கள் பலர், 'என் பிள்ளையும் இப்படித்தான் கிறுக்குவான்' என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள்.