கரண்ட் போய் வந்தால் சில நாள் மட்டும் பிரிண்டர் சேவை கிளம்பவில்லை, ஏன்?

நீங்கள் கேட்டது இதுதானே: லினக்ஸ் சர்வரில் பிரிண்டரைக் கவனிக்கும் கப்ஸ், சில நாள் காலையில் மட்டும் 'அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்' என்று சொல்லிப் படுத்துவிடுகிறது. திரும்ப பூட் செய்தால் ஓடுகிறது. கப்ஸை 30 விநாடி தாமதமாகக் கிளப்பியும் பயனில்லை.

இதே தலைவலி எனக்கு மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் ஓர் அச்சகத்தில் வந்தது. கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ் அடிக்கும் சின்னக் கடை. மூலையில் பழைய லினக்ஸ் ஓடும் பழைய கணினி. படங்கள் எல்லாம் இன்னொரு பெட்டியில் இருந்தன, என்எஃப்எஸ் (நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிரும் முறை) வழியாக இதில் தெரியும். சாயங்காலம் இடி இடித்துக் கரண்ட் போனால், மறுநாள் எட்டு மணிக்கு முதலாளி போன் செய்வார். "தம்பி, மெஷின் மறுபடி சண்டித்தனம் பண்ணுதுப்பா. ஆஃப் பண்ணி ஆன் பண்ணட்டா?" நானும் சரி அண்ணே என்பேன். ஓடிவிடும். இப்படியே ஒரு வருடம் ஓட்டினேன், வெட்கத்தோடு சொல்கிறேன்.

உங்கள் கேள்வியில் துப்பே 'சில நாள் மட்டும்' என்பதுதான். அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் என்ற இரண்டு வெப் சர்வர்களும் ஒரே 80ஆம் போர்ட்டைக் (சேவை உட்காரும் எண்ணிட்ட இடம்) கேட்டால் ஒன்று தினமும் தோற்கும். அது அமைப்புக் கோப்பில் இருக்கும் தவறு, ஐந்து நிமிட வேலை. உங்களுடையது அப்படி இல்லை. கப்ஸின் இடம் 631, அது மாறுவதே இல்லை. யாரோ நாடோடி ஒருவர் சில நாள் அங்கே வந்து உட்காருகிறார்.

ஒரு காலையில் முதலாளியிடம் "ஆஃப் பண்ணாதீங்க அண்ணே, வரேன்" என்று சொல்லிவிட்டு மோட்டாரை எடுத்தேன். சூடோ (நிர்வாகி உரிமை) போட்டு, எந்தப் போர்ட்டில் யார் என்று காட்டும் எஸ்எஸ் கட்டளையை எல், டி, யு, என், பி என்ற எழுத்துகளோடு ஓட்டினேன். 631க்கு நேராக கப்ஸ் இல்லை, ஆர்பிசி ஸ்டாட்-டி இருந்தது. என்எஃப்எஸ் கோப்புப் பூட்டுகளுக்காக (லாக்) ஓடும் சேவை அது. பிரிண்டருக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது!

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். பெரட்டில் (காலையில் ஆள் கூடி வேலை பிரிக்கும் இடம்) ஒவ்வொருவருக்கும் அவரவர் நிரை (மரவரிசை) உண்டு. வந்தவர் பதிலாள் என்றால் மண்டோர் (மேற்பார்வையாளர்) காலியாக இருக்கும் நிரையில் விட்டுவிடுவார். சொந்தக்காரர் பிந்தி வந்தால் சண்டைதான். ஸ்டாட்-டி போன்ற பழைய ஆர்பிசி சேவைகள் (நெட்வொர்க் வழியாக வேறு கணினிக்கு வேலை செய்பவை) இந்தப் பதிலாள் மாதிரி. நிலையான எண் கொடுக்காவிட்டால், 600 முதல் 1023 வரை உள்ள போர்ட்டுகளில் காலியாக இருப்பதைப் பிடித்துக்கொள்ளும். எங்கிருந்து தேடத் தொடங்குவது? ஜிலிப்சி (லினக்ஸ் நிரல்கள் பயன்படுத்தும் அடிப்படை நூலகம்) அந்தச் சேவையின் செயல்முறை எண்ணை, அதாவது பிஐடியை, 424ஆல் வகுத்து மீதியை 600உடன் கூட்டும். ஒவ்வொரு தடவை பூட் ஆகும்போதும் பிஐடி கொஞ்சம் முன்பின்னாக மாறும். மீதி 30 பக்கம் வந்து விழுந்த நாளில் கப்ஸுக்கு ஏழரை.

அதனால்தான் 30 விநாடித் தாமதம் உதவவில்லை. உட்கார்ந்தவர் எழுந்து போகப்போவதில்லை, கப்ஸ் இன்னும் பிந்தி வருகிறது, அவ்வளவுதான். இணையத்தில் எங்கு பார்த்தாலும் இந்தத் தாமத வைத்தியத்தைத்தான் சொல்கிறார்கள், எனக்கு எரிச்சலாக வரும்.

செய்ய வேண்டியது நாடோடிக்கு ஒரு வீடு கொடுப்பது. ஸ்டாட்-டிக்கு சிறிய பி விருப்பத்தில் நிலையான போர்ட் கொடுக்கலாம். புதிய லினக்ஸில் என்எஃப்எஸ் அமைப்புக் கோப்பின் ஸ்டாட்-டி பகுதியில் போர்ட் என்ற வரி. நான் 32765 கொடுத்தேன். வெளியே போகும் இணைப்புகளுக்கு லினக்ஸ் வழக்கமாக 32768 முதல் 60999 வரை எடுக்கும், அதனால் அதற்கும் கீழே இருப்பது நல்லது. (உங்கள் சொந்த மென்பொருள் எதையாவது 50000 மாதிரி எண்ணில் வைத்திருந்தால் இதே வியாதி அங்கேயும் வரும்.) டெபியன் வகை லினக்ஸ் என்றால் பைண்ட்ரெஸ்வ்போர்ட் பிளாக்லிஸ்ட் கோப்பில் (ஆர்பிசி சேவைகள் தொடக்கூடாத போர்ட்டுகளின் பட்டியல்) 631ஐச் சேர்ப்பது இன்னொரு வழி. ரெட் ஹேட் லினக்ஸ் பக்கத்தில் இதற்கென்றே போர்ட்ரிசர்வ் என்று ஒன்று இருந்தது. பூட் ஆனதும் அது இடத்தில் துண்டு போட்டு வைக்கும், உரிய சேவை வந்ததும் விட்டுக்கொடுக்கும்.

ஒன்று மட்டும் கவனம்: டிசிபி, யுடிபி என்று நெட்வொர்க்கில் தரவு அனுப்ப இரண்டு முறைகள் உண்டு; டிசிபி 631 வேறு, யுடிபி 631 வேறு. ஒன்றில் ஆள் இருந்தால் மற்றது அடைபடாது. பட்டியலில் எந்த வரிசை என்று பார்த்துவிட்டே முடிவுக்கு வாருங்கள். சூடோ இல்லாமல் ஓட்டினால் அடுத்தவர் சேவையின் பெயர் தெரியாமல் வெறும் எண் மட்டும் வரும்.

அடுத்த தடவை கப்ஸ் படுத்ததும் பூட் செய்துவிடாதீர்கள், தடயம் போய்விடும். 631 இருக்கும் அந்த வரியை அப்படியே இங்கே போடுங்கள். அதில் ஆர்பிசி என்று எதுவும் இல்லையென்றால் கதை வேறு, அப்போது பார்த்துக்கொள்ளலாம்.