உசிலம்பட்டியில் ஓய்வு பெற்ற அப்பாவுக்கு அடையாள அட்டை: மனு ஏன் திரும்பி வந்தது?

ஓய்வு பெற்ற போலீஸ்காரருக்கான அடையாள அட்டை கேட்கும் மனுவை மதுரை மாவட்ட எஸ்.பி. அலுவலகத்தில் கொடுங்கள், கமிஷனர் அலுவலகத்தில் அல்ல. அப்பா உசிலம்பட்டியில் எஸ்.எஸ்.ஐ.யாக (சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர்) ஓய்வு பெற்றவர், இப்போது மதுரை கே.கே.நகரில் உங்களோடு இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டு முகவரியைப் பார்த்து மாநகரக் காவலுக்குப் போனதுதான் மனு திரும்பியதற்குக் காரணமாக இருக்கும்.

மதுரையில் மாநகரக் காவல் வேறு, மாவட்டக் காவல் வேறு. உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் எல்லாம் எஸ்.பி.யின் கீழ் வருபவை. ஓய்வு பெற்றவர் எங்கே குடியிருந்தாலும், அவருடைய பணிப்பதிவேட்டை அவர் கடைசியாக வேலை பார்த்த பிரிவில்தான் தேட வேண்டும். சிறப்புக் காவல் படையின் 6-ஆம் அணியில் ஓய்வு பெற்றவர் என்றால் தளவாய் (அணியின் தலைமை அதிகாரி) அலுவலகம்.

போவதற்கு முன் அப்பாவின் பி.பி.ஓ.வை (ஓய்வூதிய ஆணை) எடுத்துப் பாருங்கள். கடைசிப் பதவி, அலுவலகம் என்ன போட்டிருக்கிறது? அப்புறம் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போகிறதா? இனிஷியல் ஒன்றில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருந்தால் அதையே ஒரு குறையாகச் சொல்லித் திருப்பிவிடலாம். வயதானவரை இன்னொரு தடவை அலைய விடாதீர்கள். மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒன்று கவனம். இந்த அட்டை அடையாளத்துக்கு மட்டும்தான், போலீஸ் அதிகாரம் எதையும் தராது. அது கைக்கு வரும்வரை, பணியில் இருந்தபோது வைத்திருந்த பழைய அட்டையைக் காட்டிச் சமாளிக்க வேண்டாம். பொது ஊழியராக நடிப்பது பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின் 204-ஆம் பிரிவின்படி குற்றம்.