லீவு கேட்காத பையன்கள்

அன்புள்ள சார்,

வடமாநிலத் தொழிலாளர்களை ‘வடக்கன்’ என்று கேலி பேசுவதைக் கண்டித்து எழுதியிருந்தீர்கள். எனக்கும் உடன்பாடுதான். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பதினாறு வருடமாக சூப்பர்வைசராக இருக்கிறேன். இந்திக்காரப் பையன்கள் தங்கமானவர்கள். எதிர்த்துப் பேச மாட்டார்கள், லீவு கேட்க மாட்டார்கள். நம்மாட்களுக்கு அந்தப் பணிவு கிடையாது. இதையும் நீங்கள் எழுத வேண்டும்.

ஒரு வாசகர், திருப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

கேலி பேசுகிறவர்களோடு நீங்கள் சேராததில் சந்தோஷம். ஆனால் உங்கள் பாராட்டைப் படித்தபோது கொஞ்சம் திக்கென்றது. அந்த ‘பணிவு’ ஒருகாலத்தில் நமக்குக் கிடைத்த பட்டம்.

மலாயாவில் ரப்பர்த் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரர்கள், தமிழர்களை விரும்பி வேலைக்கு எடுத்ததற்குச் சொன்ன காரணம் இதுதான்: சாதுக்கள், அடங்கி நடப்பார்கள். ஆள் சேர்த்துக் கூட்டிப்போன கங்காணியிடம் வாங்கிய முன்பணமும், திரும்பிப் போக வழியில்லாத கடலும் அவர்கள் கணக்கில் வரவில்லை. பிறவிக் குணம் என்றே நம்பினார்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் அதே சாதுக்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டார்கள். எனக்கு இந்த சைக்கிள் கோரிக்கைதான் மறப்பதில்லை. பட்டாளத்தை வரவழைத்து அடக்கினார்கள்.

உங்கள் பையன்கள் தங்குவது கம்பெனி ரூமிலா? கூட்டி வந்த ஏஜென்டிடம் பாக்கி இருக்கிறதா? லீவு போட்டால் அன்றைய சம்பளம் போகுமா? இதெல்லாம் என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும். நம்மாட்கள் சாயங்காலம் வீட்டுக்குப் போகிறவர்கள். அதனால் எதிர்த்துப் பேச முடிகிறது.

அப்புறம், ‘இந்திக்காரர்’. நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக்கு டைல்ஸ் ஒட்ட வந்தவரிடம் தூர்தர்ஷன் பார்த்துக் கற்ற இந்தியில் ஒரு வாரம் மல்லுக்கட்டினேன். ஒருநாள் அவர் போனில் பேசியது இந்தி மாதிரியே இல்லை. விசாரித்தால், ஜார்க்கண்டின் தும்கா பக்கம், தாய்மொழி சந்தாலி. இந்திக்கு உறவே இல்லாத, முண்டா குடும்பத்து மொழி. ரகுநாத் முர்மு என்பவர் 1925இல் அதற்கென்றே ஒல் சிக்கி என்று தனி எழுத்தை உருவாக்கியிருக்கிறார். நம் டைல்ஸ்காரர் இந்தியைக் கற்றதே வேலைக்கு வந்த இடத்தில், ஒரு பீகார் மேஸ்திரியிடம். “உங்க இந்தி என்னைவிட மோசம், தமிழ்லயே பேசுங்க” என்றார்.

சரி, தங்கமானவரா? வேலை சுமார்தான். ஒரு வரிசை கோணலாக வந்திருந்தது. சொன்னதற்கு, சுவரே கோணல் என்று சண்டைக்கு வந்தார். (கொத்தனாரைக் கூப்பிட்டு நூல் பிடித்துப் பார்த்தோம். சுவர் கோணல்தான்.) ஜனவரியில் அவர்கள் ஊரில் சோஹ்ராய் பண்டிகை; நம் மாட்டுப்பொங்கல் போல மாட்டின் கொம்புக்கு எண்ணெய் பூசிக் கொண்டாடுவார்களாம்.

நீங்கள் சொன்னது சரிதான், அவரும் லீவு கேட்கவில்லை. கேட்காமலே கிளம்பிப் போய்விட்டார். பதினெட்டு நாள் எங்கள் பாத்ரூம் பாதியில் கிடந்தது.