நகோமியும் கசந்துபோனவள்தான்

கேள்வி: எனக்கு வயது 63. சென்ற ஆண்டு திருமணமாகி எங்கள் சபைக்கு வந்த பெண் ஒருத்தி, "வாரம் ஒருமுறை உங்களோடு உட்கார்ந்து பேசலாமா ஆன்ட்டி? குடும்பம் நடத்தச் சொல்லித் தாருங்கள்" என்று கேட்கிறாள். அவளுடைய மாமியாரும் இதே சபைதான். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் என்னோடு பல ஆண்டுகளாக இருப்பவர். எனக்கும் என் கணவருக்கும் இடையே இருந்த மனத்தாங்கலோ, அவர் கண்மூடும்வரை தீரவில்லை. புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது?
– வாசகி, திருநெல்வேலி மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியைத்தான் பலமுறை படித்தேன். மனத்தாங்கலே இல்லாமல் குடும்பம் நடத்தியவர்கள்தாம் வழிகாட்ட வேண்டுமென்றால், வேதாகமத்தில் வரும் நகோமி அந்த வேலைக்கு ஆகியிருக்கமாட்டாள். கணவனையும் இரண்டு மகன்களையும் மோவாபில் பறிகொடுத்துப் பெத்லகேமுக்குத் திரும்பியவள், தன்னை இனி 'மாராள்', அதாவது கசப்பானவள் என்று கூப்பிடும்படி ஊராரிடம் சொன்னாள். மருமகள் ரூத் விடாமல் பற்றிக்கொண்டது அந்தக் கசந்துபோன மாமியாரைத்தான். உறவினரான போவாசின் களத்துக்குப் போகும்போது கேட்டு நடந்ததும் அவள் சொல்லைத்தான்.

தகுதி என்றால் அப்போஸ்தலனாகிய பவுல் எதைக் கேட்கிறார் என்று பாருங்கள். கிரேத்தா தீவில் ஊழியம் செய்த தீத்துவுக்கு எழுதிய நிருபத்தின் 2-ஆம் அதிகாரத்தில், பாலிய ஸ்திரீகள் கணவரிடத்திலும் பிள்ளைகளிடத்திலும் அன்பாயிருக்க முதிர்வயதுள்ள ஸ்திரீகள் கற்பிக்க வேண்டும் என்கிறார். ஆனால் அதற்கு முன்பாகவே, அந்த முதியவர்கள் அவதூறு பண்ணாதவர்களாயிருக்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறார். மூலமொழியான கிரேக்கத்தில் 'அவதூறு பண்ணுகிறவர்' என்பதற்கு அங்கே வரும் 'தியாபொலோஸ்' என்ற சொல்லே பிசாசுக்கும் பெயராக வழங்குகிறது. நாவைக் காப்பது அவருக்கு அத்தனை பெரிய காரியமாயிருந்தது.

நம் சபைகளில் ஒரு வீட்டு விஷயம் வெளியே போவது பெரும்பாலும் வம்பாக அல்ல, ஜெப விண்ணப்பமாக. நான் மணமான புதிதில், என் மனதிலிருந்த பாரத்தை ஒரு மூத்த சகோதரியிடம் அழுதுகொண்டே சொன்னேன். அடுத்த வாரமே வீட்டு ஜெபக்கூட்டத்தில், "பெயர் சொல்லவில்லை, ஒரு இளம் குடும்பத்துக்காக ஜெபியுங்கள்" என்று அவர் விண்ணப்பம் வைத்தபோது அத்தனை கண்களும் என் பக்கம் திரும்பின. அதன்பின் யாரிடமும் வாய் திறக்க எனக்குப் பல ஆண்டுகளாயின. ஆகவே அந்தப் பெண் சொல்வதை, அவள் அனுமதியில்லாமல், போதகரின் மனைவியான ஐயரம்மாவிடம்கூட ஜெபக்குறிப்பாகச் சொல்லாதீர்கள்.

மாமியாருக்குத் தெரியாமல் சந்திக்க வேண்டாம்; ஒளிவுமறைவாகத் தோன்றினால் பழி அந்தப் பெண்மேல்தான் விழும். நீங்கள் இருவரும் சந்திப்பதை மருமகளே அவரிடம் சொல்லட்டும். அவர் உங்களிடம், "என் மருமகள் என்ன சொல்கிறாள்?" என்று கேட்டால், "அதை அவளிடமே கேளுங்கள்" என்று அன்பாகவே மறுத்துவிடுங்கள். பல ஆண்டு நட்பில் இது சற்று உறுத்தும் என்பதை அறிவேன், ஆனாலும் வளைந்துகொடுக்காதீர்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல விரும்புகிறேன். கணவன் அடிக்கிறான், பயமாயிருக்கிறது என்று அவள் சொன்னால், கீழ்ப்படிதலைப் பற்றிய வசனத்தை எடுத்துக்காட்டிப் பொறுத்துப்போகச் சொல்லாதீர்கள். மனைவிகளுக்கு அதை எழுதிய எபேசியர் 5-ஆம் அதிகாரமே, எல்லாரும் ஒருவருக்கொருவர் கீழ்ப்படியவும், கிறிஸ்து சபைக்காகத் தம்மை ஒப்புக்கொடுத்ததுபோலப் புருஷர்கள் மனைவிகளில் அன்புகூரவும் சொல்கிறது. அப்படிப்பட்ட நிலையில் முதலில் அவளுடைய பாதுகாப்பைப் பாருங்கள்: 181 என்ற பெண்கள் உதவி எண்ணும், 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் அவளுக்கும் உரியவை. இரவில் வந்தாலும் கதவைத் திறப்பீர்கள் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கட்டும்.

மற்றபடி, இதை ஒரு வகுப்பைப்போல நடத்த வேண்டாம். இயேசுவின் தாயாகிய மரியாள், தன் உறவினளான எலிசபெத்தின் வீட்டில் ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினாள். அவள் வாசலில் நுழைந்தவுடன் எலிசபெத்து செய்தது, அவளை வாழ்த்தியதுதான். நீங்களும் மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை பிற்பகலில் வரச் சொல்லுங்கள், கீரை ஆய்ந்துகொண்டே பேசுங்கள். முதல் நாள் அவளைப் பேசவிடுங்கள். அவள் பேசி முடித்தபின், உங்கள் கணவரிடம் நீங்கள் கேட்காமலே விட்டுவிட்ட ஒரு மன்னிப்பைப் பற்றி, முடிந்தால், அவளிடம் சொல்லுங்கள்.