மழையும் மண்பாதையும்: மவுண்டன் பைக் கேள்வி பதில்

இம்முறை பதில் சொல்பவர் செல்வி. சிங்கப்பூரின் மழை, மின்னல், ஈரமண், நனைந்த வண்டியின் பராமரிப்பு பற்றிக் கேட்கலாம் என்று அறிவித்திருந்தோம். கேள்விகள் வந்த வரிசையிலேயே தரப்பட்டுள்ளன.

கவிதா, ஈசூன்: அக்கா, சனிக்கிழமை காலை செஸ்ட்நட் பூங்காவின் மவுண்டன் பைக் பாதைக்குப் போகிறோம். வானிலைச் செயலியைத் திறந்தால் எந்த நாளும் ‘இடியுடன் கூடிய மழை’ என்றே இருக்கிறது. எதைப் பார்த்து முடிவெடுப்பது?

செல்வி: நாள் முழுவதற்குமான முன்னறிவிப்பு தீவு மொத்தத்துக்கும் பொது. ஜூரோங்கில் கொட்டும்போது பாசிர் ரிஸ் காய்ந்து கிடக்கும். அதனால் முதலில் மாதத்தைப் பாருங்கள். ஏப்ரல், மே, பிறகு அக்டோபர், நவம்பர் மாதங்கள் இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட காலம். காலை வெயிலில் நிலம் சூடேறும், கடற்காற்று உள்ளே வந்து மோதும், பிற்பகலில் மேகம் நின்ற இடத்திலேயே வளரும். காலை 7 மணிக்கு உள்ளே போய் 11 மணிக்குள் வெளியே வந்தால் பெரும்பாலும் நனைய மாட்டீர்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை இதற்கு நேர்மாறு. அப்போது சுமத்ரா சூறைக்காற்று விடியலுக்கு முன் தொடங்கி நண்பகலுக்குள் அடித்துவிட்டுப் போகும். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவக்காற்று வலுத்தால் இரண்டு மூன்று நாள் விடாத மழை. பிப்ரவரியில் மண் காயும்.

கிளம்புவதற்கு முன் சிங்கப்பூர் வானிலை ஆய்வகத்தின் மழை ரேடார் படத்தில் கடைசி அரை மணி நேரத்தை ஓடவிட்டுப் பாருங்கள். மேற்கிலிருந்து நீளமான பட்டை ஒன்று கிழக்கே நகர்ந்தால் அது சூறைக்காற்று. அரை மணியில் 25 கிலோமீட்டர் நகர்ந்திருந்து, உங்களை எட்ட இன்னும் 50 கிலோமீட்டர் இருந்தால், கையில் இருப்பது ஒரு மணி நேரம். புதியவர்களோடு செஸ்ட்நட்டைச் சுற்றவே அது போதாது, வீட்டிலேயே இருங்கள். பிற்பகல் மேகத்துக்கு இந்தக் கணக்கு உதவாது. அது நகர்ந்து வருவதில்லை, தலைக்கு மேலேயே முளைக்கும். அதற்கு இரண்டு மணி நேர முன்னறிவிப்பையும் காலிஃபிளவர் போல உயரும் மேகத்தையும் பாருங்கள்.

ஹரீஷ், புக்கிட் பாஞ்சாங்: பாதி வழியில் இடி கேட்கிறது, ஆனால் மழை இல்லை. முடித்துவிட்டே வரலாமா?

செல்வி: கூடாது. ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 விநாடி ஆகும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடியோ அதற்குக் குறைவோ இருந்தால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் விழுகிறது, அடுத்தது உங்கள் பக்கம் விழலாம். மழை தொடங்கும் முன்பும் விழும், நின்ற பின்பும் விழும். கட்டடத்துக்குள் அல்லது மூடிய காருக்குள் போங்கள். நான்கு பக்கமும் திறந்த கொட்டகை மழைக்குத்தான், மின்னலுக்கு ஆகாது. இரண்டும் எட்டாத தூரம் என்றால் மேட்டை விட்டு இறங்குங்கள், உயர்ந்த மரத்தடியில் நிற்காதீர்கள், ஒருவருக்கொருவர் சில மீட்டர் விலகி இருங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி ஏற வேண்டும். ஆண்டில் 160 நாளுக்கு மேல் இடி இடிக்கும் ஊர் இது. இந்த ஒன்றில் மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ரவி, தெம்பனிஸ்: என் எடை 72 கிலோ. 29 அங்குலச் சக்கரம், 2.35 அங்குல அகல டியூப்லெஸ் (உள்ளே டியூப் இல்லாத) டயர். ஈரத்தில் எவ்வளவு காற்று?

செல்வி: காய்ந்த மண்ணில் முன்னே 22, பின்னே 25 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் தொடங்குங்கள். ஈரத்தில் இரண்டிலும் 2 குறையுங்கள். டயர் சற்று அமுங்கி வேரையும் கல்லையும் கவ்வும். அதற்கும் கீழே போனால் வளைவில் டயர் பக்கவாட்டில் மடங்கும், கல்லில் ரிம் இடிக்கும், ஓரத்தில் ‘புஸ்’ என்று காற்றுக் கசியும். உள்ளே டியூப் போட்டிருந்தால் 4 பிஎஸ்ஐ கூட்டுங்கள், இல்லையென்றால் டியூப் ரிம்மில் நசுங்கி பாம்புக்கடிபோல் இரண்டு ஓட்டை விழும். கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பது கணக்கில் சேராது, டிஜிட்டல் அளவி வாங்குங்கள். ஓட்டையை அடைக்க டயருக்குள் ஊற்றும் சீலன்ட் திரவம் இந்த வெப்பத்தில் சீக்கிரம் காய்ந்துவிடும். சக்கரத்துக்கு 100 மில்லி ஊற்றி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கழற்றிக் காதருகே குலுக்குங்கள். சளசள என்று கேட்காவிட்டால் மீண்டும் ஊற்றும் நேரம்.

ஜெயா, செங்காங்: பைக்கை எம்ஆர்டி ரயிலில் கொண்டு போகலாமா?

செல்வி: மடக்குச் சைக்கிளுக்கு மட்டுமே அனுமதி. மவுண்டன் பைக்குக்கு இல்லை.

அருண், உட்லண்ட்ஸ்: மழை நின்று ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. புக்கிட் தீமா டிரெயிலில் ஓட்டலாமா?

செல்வி: கடிகாரத்தைக் கேட்காதீர்கள், மண்ணைக் கேளுங்கள். மர நிழலில் வெயில் படுவதில்லை, மழை நின்ற பிறகும் இலைகளிலிருந்து வெகுநேரம் சொட்டும். பாதையில் மிக நிழலான இடத்திலிருந்து ஒரு சிட்டிகை மண் எடுத்து உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டுங்கள். விளக்குத் திரி போல நீண்டு, வளைத்தாலும் உடையாமல் இருந்தால் களிமண் இன்னும் நீர் குடித்திருக்கிறது, திரும்பிவிடுங்கள். உருட்டும்போதே பொடிந்தால் போகலாம். அடுத்து குதிகாலை அழுத்துங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் பதிந்தால் அன்றைக்கு வேண்டாம்.

முருகன், பிடோக்: அக்கா, மன்னிக்கணும். இந்த ஊரில் மண் காய்வதற்குக் காத்திருந்தால் வருடம் முழுக்க வீட்டில்தான் உட்கார வேண்டும். மழை அரிக்காததையா என் டயர் அரித்துவிடும்?

செல்வி: நல்ல கேள்வி, முழுசாகப் பதில் சொல்கிறேன். மழை தனியாகப் பெய்தால் நீர் பாதையின் குறுக்கே பரவிப் பள்ளப் பக்கம் வழிந்துவிடும். நல்ல பாதையை அதற்காகவே வெளிப்பக்கம் லேசாகச் சாய்த்து வெட்டுகிறார்கள், இடையிடையே சிறு மேடு வைக்கிறார்கள். பாதையின் சரிவு, அது ஓடும் மலைப்பக்கத்தின் சரிவில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது பாதை அமைப்பவர்களின் விதி. ஈரத்தில் நீங்கள் பின் பிரேக்கைப் பூட்டி இறங்கினால் இரண்டு விரல் அகலத்தில் நீளமான ஒரு கோடு விழும். அடுத்த மழையில் நீர் குறுக்கே போகாமல் அந்தக் கோட்டுக்குள் இறங்கி ஓடும். ஓடும் நீர் வேகம் பிடிக்கும், வேகம் மண்ணைத் தூக்கும். சில மழையில் வேர் வெளியே தெரியும். மழைக்கு வாய்க்கால் வெட்டிக் கொடுப்பது டயர்தான்.

தேவி, பொங்கோல்: நடப்பவர்களும்தான் குழி போடுகிறார்கள். சைக்கிளை மட்டும் ஏன் சொல்கிறீர்கள்?

செல்வி: காலடிக் குழிகள் தனித்தனி, ஒன்றோடு ஒன்று சேராது. நீர் தேங்குமே தவிர ஓடாது. டயர் கோடு தொடர்ச்சியானது, வித்தியாசம் அதுதான்.

முருகன்: நான் 2.6 டயர் போட்டிருக்கிறேன். பாரம் பரவுகிறது, பதியவே பதியாது.

செல்வி: மெதுவாக நேரே உருண்டால் உண்மை. ஆனால் ஏற்றத்தில் பின்சக்கரம் வழுக்கிச் சுழலும்போதும், இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போதும் மண் அமுங்குவதில்லை, உரிகிறது. அகல டயர் அகலமாக உரிக்கும். இன்னொன்று: குட்டையைக் கண்டால் ஓரம் கட்டுகிறீர்கள். ஓரத்துப் புல் போகும், பாதை அகலும், குட்டை பெரிதாகும். குட்டை வந்தால் நடுவிலேயே மெதுவாகப் போங்கள், மனமில்லை என்றால் இறங்கித் தள்ளுங்கள்.

அருண்: அப்படியென்றால் மழை நாளில் எங்கேயும் ஓட்டவே கூடாதா?

செல்வி: முருகன் சொல்வதில் நியாயம் ஒன்று இருக்கிறது: எல்லா இடமும் ஒரே மண் அல்ல. கல் பதித்த பகுதியும் சரளையும் நீரைச் சீக்கிரம் விடும். உபின் தீவில் கெத்தாம் மவுண்டன் பைக் பூங்கா பக்கம் கருங்கல் சரளை இருக்கும் ஏற்றங்கள், நிழல் காட்டுக் களிமண்ணைவிட முன்னதாகத் தயாராகும். ஆனால் சாங்கியிலிருந்து 12 பேர் சேர்ந்தால் புறப்படும் படகில்தான் போக வேண்டும், இடி வந்தால் உடனே திரும்பும் வழி இல்லை. அதையும் கணக்கில் வையுங்கள். சரளைப் பாதைக்கும் போக முடியாத நாளில் பூங்கா இணைப்புப் பாதையில் மெதுவாக ஓட்டி உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளுங்கள்.

நிர்மலா, குவீன்ஸ்டவுன்: ஈர வேர் மேல் ஏறினாலே வழுக்குகிறது.

செல்வி: வேருக்கு முன்பே பிரேக்கை முடித்துவிடுங்கள். வேரின் மேல் இருக்கும்போது பிரேக்கும் இல்லை, திருப்பமும் இல்லை, மிதியும் இல்லை. செங்குத்தாகக் குறுக்கே போங்கள். வேர் சாய்வாகக் கிடந்தால் முன்சக்கரத்தின் பாரத்தை ஒரு கணம் எடுத்துத் தாண்டவிடுங்கள். நனைந்த மரப்பலகைக்கும் இதே முறை.

பிரகாஷ், ஹவ்காங்: மழையில் ஓட்டியதிலிருந்து பிரேக் கத்துகிறது. சங்கிலிக்கு எண்ணெய் அடித்தேன், கத்தல் கூடிவிட்டது.

செல்வி: அடித்தது ஸ்பிரே என்றால் பிரேக் டிஸ்க்கில் (சக்கரத்தோடு சுழலும் உலோகத் தட்டு) பட்டிருக்கும். ஸ்பிரே எண்ணெயைச் சைக்கிள் பக்கமே கொண்டு வராதீர்கள், சொட்டுக் குப்பிதான். நீரால் வரும் கத்தல் நாலைந்து முறை பிடித்ததும் நின்றுவிடும். நிற்காமல், பிடிப்பும் குறைந்தால் எண்ணெய்தான். டிஸ்க்கை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட சுத்தத் துணியால் துடையுங்கள். டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பேடைக் கழற்றி 120 நம்பர் உப்புத்தாளில் லேசாகத் தேயுங்கள். பிறகு 20 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நடை வேகம் வரை, முழுதும் நிற்காமல், 20 முறை பிடித்து விடுங்கள். அப்படியும் பிடிப்பு வராவிட்டால் எண்ணெய் உள்ளே ஊறிவிட்டது, புதுப் பேடுதான். ஈரத்தில் அதிகம் ஓட்டுபவருக்கு மெட்டல் பேட் நெடுநாள் வரும், ஆனால் ‘ரெசின் பேட் மட்டும்’ என்று பொறித்த டிஸ்க்கில் அதைப் போடக் கூடாது. உராயும் பகுதி 0.5 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றுங்கள்.

ஷாலினி, தோ பாயோ: மழை நின்று இரண்டு மணி நேரம் ஆச்சு, செஸ்ட்நட் ஓட்டலாமா அக்கா?

செல்வி: அருணுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

குமார், கிளமெண்டி: வீவக அடுக்குமாடி வீட்டில் சேற்று வண்டியை எப்படிக் கழுவுவது? சங்கிலிக்கு எந்த எண்ணெய்?

செல்வி: குளியலறையில் ஒரு வாளி நீர், ஸ்பாஞ்ச், பாத்திரம் கழுவும் சோப்பு போதும். அழுத்தக் குழாயை ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி), பெடல் அச்சு, ஹெட்செட் (ஹேண்டில்பார் திரும்பும் மூட்டு) பக்கம் காட்டாதீர்கள். நீரைத் தடுக்கும் ரப்பர் சீலைத் தாண்டி நீர் உள்ளே போனால் கிரீஸ் போய்விடும், பேரிங் கரகரக்கும். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் பளபளப்பான குழாயைத் துடைத்துவிட்டு வண்டியை நிழலில் காற்றாட விடுங்கள். சீட் குழாயைக் கழற்றி வண்டியைக் கவிழ்த்தால் ஃபிரேமுக்குள் தேங்கிய நீர் வெளியே வரும், பலர் இதை மறக்கிறார்கள். தாழ்வாரத்தில் வைத்தால் நடக்க 1.2 மீட்டர் வழி விடுங்கள். சங்கிலி: ஈரத்துக்கான எண்ணெய் மழையில் தங்கும், ஆனால் நம் சிவப்பு மண்ணோடு சேர்ந்து அரைக்கும் பசையாகிவிடும். இணைப்புக்கு ஒரு சொட்டு விட்டு, ஒரு இரவு ஊறவைத்து, வெளிப்புறத்தை முழுதும் துடையுங்கள். மெழுகு சுத்தமானது, ஆனால் ஒரு மழைக்கே போய்விடும். 12 கியர் சங்கிலி 0.5 சதவீதம் நீண்டதும் மாற்றினால் பின்சக்கரப் பல்சக்கரத் தொகுதியான கேசட் பிழைக்கும். எதைப் போட்டாலும் ஸ்பிரே வேண்டாம், டிஸ்க்கில் படும்.

விஜய், பொங்கோல்: 1,500 வெள்ளிக்குள் எந்த பைக் வாங்கலாம்?

செல்வி: இன்றைய தலைப்பு அதில்லை. கடைக்குப் போய் ஏறி உட்கார்ந்து அளவு பாருங்கள்.

மாலதி, ஆங் மோ கியோ: விழுந்து முழங்கை சிராய்த்துவிட்டது, சேறு உள்ளே போயிருக்கிறது. டெட்டால் போதுமா?

செல்வி: முதலில் சுத்த நீரும் சோப்பும், சேறு முழுதும் போகும் வரை. பிறகு நீர் புகாத கட்டு. இங்குள்ள மண்ணில் மெலியோய்டோசிஸ் என்ற தொற்றுநோயின் கிருமி இருக்கிறது, கனமழைக்குப் பின் அதன் ஆபத்து கூடும், நீரிழிவு உள்ளவர்களுக்கு இன்னும் அதிகம். சில வாரத்துக்குள் காய்ச்சலோ இருமலோ வந்தால் மருத்துவரைப் பாருங்கள், ஈரமண்ணில் விழுந்து காயம்பட்டதையும் மறக்காமல் சொல்லுங்கள். புதிய காயம் ஆறும்வரை சேற்றில் ஓட்ட வேண்டாம்.

சுரேஷ், புக்கிட் பாத்தோக்: இப்போதுதான் மழை நின்றது. வெயிலும் அடிக்கிறது. போகலாம்தானே?

செல்வி: மண்ணை உருட்டிப் பார்த்தீர்களா, சுரேஷ்? இல்லையென்றால் மேலே போய்ப் படித்துவிட்டு வாருங்கள். கடைசியாக எல்லாருக்கும் ஒன்று: பிரேக் ஆயில் கேள்விகள் ஐந்து வந்திருக்கின்றன. மினரல் ஆயில், டாட் ஆயில் இரண்டையும் கலக்காதீர்கள், சீல் ஊதிக் கெட்டுவிடும். மாற்றும் முறையை அடுத்த அமர்வில் எழுதுகிறேன்.