புனைபெயர் வேறு, மறைபெயர் வேறு

கேள்வி: நான் பாம்பன் பக்கத்து மீனவக் குடும்பத்தைச் சேர்ந்தவள், வயது 29. மண்டபத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். கடற்பாசி எடுக்கும் என் அம்மாவைப் பற்றியும் அவருடன் கடலில் இறங்கும் பெண்களைப் பற்றியும் ஒரு புனைபெயரில் ஐந்து ஆண்டுகளாகச் சமூக ஊடகத்தில் எழுதி வருகிறேன். முறிந்துபோன என் திருமணத்தைப் பற்றி மனம்விட்டுப் பேச, யாருக்கும் தெரியாத இன்னொரு பெயரில் வேறொரு கணக்கு வைத்திருக்கிறேன். சொந்தப் பெயரிலும் ஒன்று உண்டு. அதில் பள்ளிச் செய்திகள் மட்டும்தான். அந்த இரண்டாவது கணக்கைத் தன் கைபேசி தானாகவே காட்டியதாகச் சென்ற மாதம் அத்தை மகன் சொன்னார். அதே வாரத்தில் ஓர் இதழாசிரியர், என் பாசிக் கட்டுரைகளைச் சொந்தப் பெயருடனும் படத்துடனும் வெளியிட விரும்புவதாக எழுதியிருக்கிறார். மூன்று பெயர்களில் வாழ்வது ஏமாற்று வேலையா? எல்லாவற்றையும் அழித்துவிடட்டுமா?

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

எழுதிய எதையும் அழித்துவிடாதீர்கள். ஏமாற்று வேலையா என்று நீங்கள் கேட்டதைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. நம் கரையோர ஊர்களில் ஒரே ஆளுக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று, ரேஷன் அட்டையில் ஒன்று, வீட்டில் கூப்பிடுவது ஒன்று, கடலில் உடன் தொழில் செய்கிறவர்கள் வைத்த பட்டப்பெயர் ஒன்று என்று இருப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரே தெருவில் நான்கு அந்தோணிகள் இருந்தால் பட்டப்பெயர் இல்லாமல் யாரையும் தேடிப் பிடிக்க முடியாது. அவர்களை யாரும் பொய்யர்கள் என்று சொல்வதில்லை. இன்னொருவர்போல நடித்து அவர் பெயரால் ஏமாற்றினால்தான் குற்றம். கணினி வழியாக அப்படிச் செய்பவருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை சொல்கிறது. நீங்கள் வைத்துக்கொண்டது யாருடைய பெயரும் அல்ல. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்திருக்கிறார்கள்.

ஆனால் உங்கள் இரண்டு பெயர்களும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல என்பதை நீங்கள் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். பாசிக் கட்டுரைகளுக்கு வைத்தது புனைபெயர். ரங்கராஜன் என்ற பொறியாளர் தம் மனைவியின் பெயரான சுஜாதா என்பதில் எழுதியது வாசகர்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததால் அவருக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. திருமணத்தைப் பற்றிப் பேச நீங்கள் வைத்தது மறைபெயர். அது வெளிப்பட்டால் காயம்படுவது நீங்கள். புனைபெயருக்கு ஒரு கதவும் தாழ்ப்பாளும் போதும். மறைபெயருக்குக் கதவே இருக்கக் கூடாது.

அத்தை மகனுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்? கணக்குத் தொடங்கியபோது நீங்கள் கொடுத்த கைபேசி எண்தான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். அவர் தம் கைபேசியில் சேமித்துள்ள எண்களைப் பார்க்கச் செயலிக்கு அனுமதி கொடுத்திருப்பார். அந்த எண்களில் உங்களுடையதும் இருக்கும். அதே எண்ணில் பதிவான கணக்கை, இவர் உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம் என்று செயலி அவர் முன்னால் கொண்டுவந்து வைத்திருக்கும். எண் ஒன்றாக இருக்கும்வரை பெயரை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை. பணம் அனுப்பும் செயலியில் உங்கள் எண்ணைத் தட்டினாலே வங்கியில் பதிவான பெயர் திரையில் வந்துவிடுகிறது. அழைப்பவரைக் காட்டும் செயலிகளோ, பிறர் உங்களை என்ன பெயரில் சேமித்திருக்கிறார்கள் என்பதையே ஊருக்குச் சொல்லிவிடுகின்றன. ஆகவே மறைபெயரில் பழகும் யாருக்கும், எவ்வளவு நெருங்கியவரானாலும், உங்கள் எண்ணைத் தராதீர்கள்.

வெளிப்பட்டுவிட்ட அந்தக் கணக்கைச் சீர்செய்ய முயல வேண்டாம். அதில் எழுதியவற்றை முழுவதும் பதிவிறக்கி வைத்துக்கொண்டு மூடிவிடுங்கள். வேண்டுமானால் சில மாதம் கழித்து வேறு பெயரில், அதற்கென்றே தொடங்கிய மின்னஞ்சல் முகவரியைக் கொண்டு, புதிதாகத் தொடங்கலாம். அந்த மின்னஞ்சலை மீட்பதற்கான முகவரியாகச் சொந்தப் பெயர் மின்னஞ்சலைக் கொடுத்துவிடாதீர்கள். பலர் தவறுவது அங்கேதான். தொடர்பு எண்களைப் படிக்கும் அனுமதியையும், உங்கள் கணக்கைப் பிறருக்குப் பரிந்துரைக்கும் அமைப்பையும் நிறுத்துங்கள். கைபேசிச் செயலியில் மூன்று கணக்குகளையும் அடுக்கி வைத்துக்கொண்டால், அவசரத்தில் ஒன்றில் எழுத வேண்டியதை மற்றொன்றில் எழுதிவிடுவோம். மறைபெயருக்கு உலாவியில் தனிச் சுயவிவரம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

இவற்றையெல்லாம் ஒரு மாலையில் செய்து முடித்துவிடலாம். மொழிதான் கடினம். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை என்று பிரித்துச் சொல்லவும், விரல்களில் துணி சுற்றிக்கொண்டு பாறையிலிருந்து பாசியைப் பறிக்கும்போது எங்கே கிழிக்கும் என்று எழுதவும் ஊரில் எத்தனை பேருக்கு வரும்? தீவின் இருபுறக் கடலையும் வடகடல், தென்கடல் என்று நீங்கள் எழுதினாலே பாம்பன் தீவுக்காரர் என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடும். எனவே திருமணத்தைப் பற்றி எழுதும் இடத்தில் கடலைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுகூட வேண்டாம். படங்களிலும் இதே கவனம் தேவை. கைபேசியில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடமும் நேரமும் பதிந்திருக்கக்கூடும். மின்னஞ்சலில் இணைத்தோ வாட்ஸ்அப்பில் ஆவணமாகவோ அனுப்பும்போது அவையும் சேர்ந்தே போகும்.

இவ்வளவு செய்தபின்னும் மனிதர்கள் இருக்கிறார்கள். ஹாரி பாட்டர் கதைகளை எழுதிய ஜே. கே. ரௌலிங், ராபர்ட் கால்பிரெய்த் என்ற ஆண் பெயரில் எழுதியது 2013-இல் வெளியே வந்தபோது, கணினி கொண்டு எழுத்து நடையை ஒப்பிட்டுப் பார்த்தது உறுதிசெய்ய உதவியது. ஆனால் அது முதலில் கசிந்தது, அவருக்கு வேலை பார்த்த வழக்கறிஞர் ஒருவர் தம் மனைவியின் தோழியிடம் சொன்னதால். உங்கள் விஷயத்தில் அறிந்தவர் அத்தை மகன், முறை உள்ளவர். அவரிடம் கெஞ்சவும் வேண்டாம், ஒளியவும் வேண்டாம். இது என் துயரம், உங்களோடு நிற்கட்டும் என்று ஒருமுறை நேராகச் சொல்லுங்கள். அவர் அதை வைத்து மிரட்டினால் செய்திகளைத் திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொண்டு, மகளிர் உதவி எண் 181-ஐ அழையுங்கள். பழைய கணவரை அடையாளம் தெரியும்படி எழுதுவதையும் தவிர்த்துவிடுங்கள். அவதூறு வழக்கு வந்தால் மறைபெயர் அண்டை வீட்டாரிடமிருந்து காப்பாற்றுமே தவிர, நீதிமன்றத்திலிருந்து காப்பாற்றாது.

இனி இதழாசிரியர். சொந்தப் பெயர் அவருக்குத் தெரிந்தால் போதும், அச்சிட வேண்டியதில்லை. சன்மானம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும், கட்டுரை புனைபெயரில் வரும். தமிழ் இதழ்களில் இது நெடுநாள் வழக்கம். புனைபெயரில் வெளியான படைப்புக்கும் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் வெளியான காலத்திலிருந்து 60 ஆண்டு உரிமை தருகிறது. எழுதியவர் யார் என்பது அதற்குள் வெளிப்படுத்தப்பட்டால், அவர் மறைந்தபின் 60 ஆண்டு என்று கணக்கு மாறும். எனவே பெயரை வெளியிட அவசரம் ஒன்றும் இல்லை. கைப்பிரதிகளைத் தேதியுடன் வைத்திருங்கள். பணி ஒப்பந்தத்தில் வெளியே எழுதுவதைப் பற்றி ஏதும் சொல்லியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. அங்கே இறங்குவதற்கு வனத்துறையின் தடை உண்டு, அதனால் பாசி எடுக்கும் பெண்கள் படும் பாட்டை நீங்களே எழுதியிருப்பீர்கள். எந்தத் தீவை ஒட்டி, எந்த மாதத்தில், யார் யார் இறங்கினார்கள் என்பது உங்கள் கட்டுரைகளில் இருந்தால், உங்கள் பெயர் அச்சேறும் அன்றே அம்மாவின் பெயரும் அவருடைய கூட்டாளிப் பெண்களின் பெயர்களும் சொல்லாமலே வெளியாகிவிடும். அது நீங்கள் மட்டும் முடிவெடுக்கக்கூடியதல்ல. கட்டுரைகளை அவர்கள் ஓய்வாக இருக்கும் ஒரு மாலையில் உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள். வேண்டாம் என்று அவர்கள் கைகாட்டும் இடங்களை எடுத்துவிட்டு, உங்கள் பெயரைப் போடலாமா என்றும் அவர்களையே கேளுங்கள். அதற்குப் பிறகு பதில் எழுதினால் போதும். நல்ல இதழாசிரியர் அதுவரை காத்திருப்பார்.